நிலைக்காலில் ஒரு சிவப்புப் பொட்டு

என் மேசையில் ஒரு புத்தகம் கிடக்கிறது. வழவழப்பான தாள், கையில் எடுத்தால் செங்கல் கனம். அட்டை முழுக்க ஒரு சிறுமியின் படம். ஐந்து வயதிருக்கும். ஓட்டு வீட்டு வாசலில், நிலைக்காலில் சாய்ந்து நிற்கிறாள். எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை, ஒரு பக்கம் மட்டும் அவிழ்ந்துபோன ரிப்பன். அவள் கேமராவைப் பார்க்கவில்லை, பக்கவாட்டில் எங்கோ பார்க்கிறாள். அவள் தோளுக்கு மேலே நிலைக்காலில் சட்டைப் பொத்தான் அளவில் ஒரு வட்டம் தெரிய வேண்டும். தெரியாது. அதன்மேல் நிஜமான ஒரு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டியிருக்கிறது, பெண்கள் நெற்றியில் வைப்பது, அரக்குச் சிவப்பில். பள்ளிக்கூடத்தில் என்னோடு வேலை பார்ப்பவர்கள், "என்ன டீச்சர், புஸ்தகத்துக்கெல்லாம் பொட்டு வச்சு அழகு பாக்கிய?" என்று கேலி செய்கிறார்கள். நான் வைக்கவில்லை. வைத்தவளைப் பற்றிச் சொல்வதென்றால் முதலில் டைரக்டர் சாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்த மனிதரை நினைத்தாலே எனக்குக் குமட்டிக்கொண்டு வரும். ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும், ஏனென்றால் அந்தக் குமட்டலில் பாதி என்மேல் எனக்கே வருவது.

ஒன்பது வருடத்துக்கு முன்னால், பி.எட். முடித்துவிட்டு அரசு வேலைக்குப் பரீட்சை எழுதிக் காத்திருந்த நாட்களில், பாளையங்கோட்டையில் இருந்த ஒரு தொண்டு நிறுவனத்தில் கள ஆய்வாளராகச் சேர்ந்தேன். அதன் டைரக்டர்தான் இந்த சார். தாமிரபரணிக் கரை ஊர்களில் மூன்று வயதிலிருந்து ஐந்து வயது வரை உள்ள பிள்ளைகளுக்குப் பேச்சும் எண்ணிக்கையும் கை வேலையும் வயதுக்குத் தக்கபடி வந்திருக்கிறதா, ஒன்றாம் வகுப்பில் உட்கார்த்தினால் தாங்குவார்களா என்று பார்ப்பதுதான் ஆய்வு. அதில் சார் கண்டுபிடித்த புதுமை, ஆய்வை நாங்கள் செய்யக் கூடாது, ஊர்த் தாய்மார்களே செய்ய வேண்டும் என்பது. ஒவ்வோர் ஊரிலும் ஏழெட்டுத் தாய்மார்களைப் பொறுக்கி, பயிற்சி கொடுத்து, கழுத்தில் அடையாள அட்டை மாட்டி, அக்கம்பக்கத்துப் பிள்ளைகளைச் சோதிக்க அனுப்புவோம். 'சமூகமே ஆய்வாளர்' என்பது அவர் வாசகம். அது பேனரில் இருந்தது, துணிப்பையில் இருந்தது, பேனாவில் இருந்தது, டீ கொடுக்கும் காகிதக் கப்பில்கூட இருந்தது. அந்தக் கப்பைக் கசக்கி எறிகிறபோது எனக்கு ஒரு சின்ன சந்தோஷம் வரும். அப்போதே ஏதோ உறுத்தியிருக்கிறது போலிருக்கிறது.

ஆள் பார்க்க நன்றாக இருப்பார். கதர்ச் சட்டை, வெள்ளி பிரேம் போட்ட கண்ணாடி, யாரையும் வாடா போடா என்று பேசாத நாக்கு. ஒரு காலத்தில் அந்த ஆற்றங்கரை வயல்களில் கொஞ்சம் அவர் குடும்பத்துக்கு இருந்ததாம். எந்த ஊருக்குள் ஜீப் நுழைந்தாலும் ஏதாவது ஒரு மதகைக் காட்டி, "இது வரைக்கும் எங்க தாத்தா வயல்தான்" என்பார். தாத்தா நெல் அளந்து வாங்கிய ஊர்களில் பேரன் பிள்ளைகளை அளக்க வந்திருக்கிறார் என்று எங்கள் டிரைவர் அண்ணாச்சி ஒரு தடவை முணுமுணுத்தார். மேடையில் பிள்ளைகளைப் பற்றிப் பேசும்போது சாருக்குக் குரல் தழுதழுக்கும், கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். ஊருக்குள் போனதும் முதலில் கண்ணில் படும் பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு போட்டோவுக்கு நிற்பார். பிள்ளையை இறக்கிவிட்டதும் ஜீப்பை நோக்கிக் கையை நீட்டுவார். அண்ணாச்சி ஓடி வந்து ஈர டிஷ்யூவை உருவிக் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு விரலாக, நகக்கண் வரைக்கும் துடைத்துவிட்டு, அந்தத் தாளைச் சுருட்டி அந்த வீட்டு வாசலிலேயே போடுவார். வீட்டுக்காரப் பெண் கொண்டுவந்து வைத்த தண்ணீர்ச் செம்பு அப்படியே இருக்கும். அந்தத் தாள்களைப் பல தடவை நான் பொறுக்கி எடுத்து என் பையில் போட்டிருக்கிறேன். ஆற்றங்கரை ஊர் சுத்தமாக இருக்கட்டும் என்று அல்ல, அந்தப் பெண் பார்த்துவிடக் கூடாதே என்றுதான்.

சேரன்மகாதேவி தாண்டி, முக்கூடல் போகும் வழியில், வாழைத் தோட்டங்களுக்கு நடுவில் ஒரு சின்ன ஊர். வயல் வேலை இல்லாத நாளில் பெண்கள் எல்லாரும் பீடி சுற்றுவார்கள். மடியில் தட்டு, தட்டில் இலையும் தூளும், கை ஒரு பக்கம் சுற்றிக்கொண்டிருக்க வாய் ஒரு பக்கம் பேசிக்கொண்டிருக்கும். அந்த ஊரில் பயிற்சிக்கு வந்தவர்களில் ஒருத்தி இந்தப் படத்தில் இருக்கும் பிள்ளையின் அம்மா. என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்திருப்பாள். எட்டாம் வகுப்பு வரை படித்தவள், கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். புருஷன் கேரளாவில் கட்டட வேலை. பயிற்சி நடந்த மூன்று நாளும் மற்றவர்கள் கேசரிக்கும் வடைக்கும் இடையில் தூங்கி வழிந்தார்கள், இவள் ஒருத்திதான் சார் சொன்னதை எல்லாம் குறிப்பெடுத்தாள். பிள்ளைக்கு ஜாடை காட்டக் கூடாது, கூட யாரும் எடுத்துக் கொடுக்கக் கூடாது, ஒரு கேள்வியை இரண்டு தடவைக்கு மேல் கேட்கக் கூடாது, எல்லாம் எழுதினாள். கடைசி நாளில் சார் வழக்கம்போலத் தழுதழுத்தார். "பாவம் பார்த்துப் பொய்யா டிக் அடிச்சுராதீங்கம்மா. உண்மையை எழுதுங்க. எந்தப் பிள்ளைக்குத் தயாரில்லன்னு சிவப்பு விழுதோ அந்தப் பிள்ளைக்குத்தான் முதல்ல உதவி வரும். டாக்டர் வருவாங்க, பயிற்சியாளர் வருவாங்க. நான் பொறுப்பு." அவள் அதையும் எழுதி அடியில் கோடு போட்டாள். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன்.

சோதனை செய்யும் சாமான்கள் ஒரு நீலப் பையில் இருக்கும். படம் போட்ட அட்டைகள், மரக்கட்டைகள், கோக்கிற மணி, ஒரு பந்து. தன் பிள்ளையைத் தானே சோதிக்கக் கூடாது என்பது விதி. அதனால் இவள் மகளைச் சோதித்தது பக்கத்து வீட்டுப் பெண். அவள் பாசக்காரி. "பந்தை எடு" என்று சொல்லும்போதே பந்தைப் பார்த்துக் கண்ணைக் காட்டுவாள், "நாய் எங்க?" என்று கேட்கும்போதே விரல் நாய்ப் படத்தின்மேல் இருக்கும். பிள்ளை கெட்டிக்காரி, கண் போன இடத்துக்குக் கை போய்விடும். எல்லாக் கட்டத்திலும் டிக். ஊர் முழுக்க அப்படித்தான் நடந்தது. யார் வீட்டுப் பிள்ளைக்கு யார் மனது வைத்து இல்லை என்று போடுவார்கள்? படிவங்களை வாங்கப் போயிருந்த நான் அதைக் கண்டுகொள்ளவில்லை. அன்றைக்குள் ஐந்து ஊர் முடிக்க வேண்டும்.

ஆனால் பிள்ளையின் அம்மா மகளின் படிவத்தை என் கையிலிருந்து வாங்கிப் பார்த்தாள். மடியிலிருந்த பீடித் தட்டை இறக்கி வைத்தாள். "இது பொய்யில்லா?" என்றாள்.

பக்கத்து வீட்டுக்காரிக்கு முகம் சுண்டிவிட்டது. "பச்சப்பிள்ளைக்கு இல்லன்னு போட எனக்குக் கை கூசுது மதினி" என்றாள்.

"பொய்யா எழுதுனா உதவி வராதுன்னு சார் சொன்னாவல்லா? திரும்பக் கேளு." தட்டில் இருந்த இலையையும் தூளையும் ஒரு பேப்பரில் கொட்டிவிட்டு, வெறும் தட்டைத் தூக்கிப் பக்கத்து வீட்டுக்காரி முகத்துக்கு முன்னால் பிடித்தாள். வாய் தெரியக் கூடாது, கண் தெரியக் கூடாது. "இப்பக் கேளு. பைய வேண்டாம், சத்தமாவே கேளு."

பிள்ளை தரையில் உட்கார்ந்து மரக்கட்டையை அடுக்கிக்கொண்டிருந்தது. அந்த ஊரில் வேறு எந்தப் பிள்ளையும் அத்தனை கட்டையை விழாமல் அடுக்கவில்லை. தட்டுக்குப் பின்னாலிருந்து பிள்ளையின் பெயர் கூப்பிடப்பட்டது. பந்தை எடு என்று சொல்லப்பட்டது. நாய் எங்கே, பூனை எங்கே என்று கேட்கப்பட்டது. தெருவில் போன ஒரு கிழவர்கூட நின்று திரும்பிப் பார்த்தார். பிள்ளை திரும்பவில்லை. கட்டைமேல் கட்டையாக வைத்துக்கொண்டே இருந்தது. அம்மா தட்டை இறக்கினாள். அவள் முகத்தில் அழுகை இல்லை. ரொம்ப நாளாகத் தனக்குள் வைத்திருந்த ஒன்றை வெளியே எடுத்துப் போட்டவள் மாதிரி இருந்தாள். "ஏட்டி, அழி. இல்லன்னு எழுது. இப்பக் கேட்டதுக்கெல்லாம் இல்லன்னு எழுது" என்றாள். பக்கத்து வீட்டுக்காரி அழுதுகொண்டே எழுதினாள்.

பள்ளிக்கூடத்துக்குத் தயாரா இல்லையா என்பதல்ல அங்கே கேள்வி. அந்தப் பிள்ளைக்குக் காது கேட்கவில்லை, அல்லது சரியாகக் கேட்கவில்லை. அதைப் புரிந்துகொள்ள ஆராய்ச்சிப் படிப்பு வேண்டாம். நான் படிவத்தின் ஓரத்தில், காது கேட்கிறதா என்று டாக்டரிடம் காட்ட வேண்டும் என எழுதி, மறுநாள் சாரிடம் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். படித்துவிட்டு, பேனாவை எடுத்து, நான் எழுதியதன்மேல் மிக அழகாக ஒரு கோடு போட்டார். "நாம டாக்டர் இல்லம்மா. நம்ம படிவத்துல காதுன்னு ஒரு கட்டம் இருக்கா? இல்லையில்ல? கட்டத்துல இல்லாததை எழுதினா தரவு கெட்டுப்போகும்." பிறகு மற்ற படிவங்களைப் புரட்டினார். "ஊர் பூராப் பச்சையாத்தான் இருந்தது. ஒரு சிவப்பு கூட விழலேன்னா ஆய்வை எவன் நம்புவான்னு பயந்துட்டே இருந்தேன். நல்ல வேளை." சொல்லிவிட்டு டீ குடித்தார். கப்பில் 'சமூகமே ஆய்வாளர்' என்று எழுதியிருந்தது.

நல்ல வேளையாம். ஒரு பிள்ளைக்குக் காது கேட்காதது நல்ல வேளை. அன்றைக்கே அந்த வேலையை விட்டிருக்க வேண்டும். விடவில்லை.

அடுத்து வந்தது பொட்டு. ஆய்வு முடிவை ஊர் மக்களுக்கே திருப்பித் தர வேண்டும் என்று சார் ஒரு வழி கண்டுபிடித்தார். ஒவ்வொரு வீட்டு நிலைக்காலிலும் வட்டமாக ஒரு ஸ்டிக்கர். பிள்ளை தயார் என்றால் பச்சை, பாதி தயார் என்றால் மஞ்சள், இல்லையென்றால் சிவப்பு. அதற்கு 'வாசல் பொட்டு' என்று அவரே பெயர் வைத்தார். மஞ்சளும் குங்குமமும் வைக்கிற இடத்தில் பிள்ளையின் மார்க்கை ஒட்டுகிறோம், இது நம் பண்பாட்டோடு இணைந்த முறை என்று கூட்டத்தில் விளக்கம் வேறு கொடுத்தார். கைதட்டினார்கள். நானும் தட்டினேன். ஒட்டுகிற வேலை என்னுடையது. அந்த ஊரில் பச்சையும் ஒன்றிரண்டு மஞ்சளுமாக ஒட்டிக்கொண்டே போய், இவள் வீட்டு முன்னால் வந்ததும் எனக்குக் கை ஓடவில்லை. அவள்தான் உள்ளேயிருந்து ஒரு ஈரத்துணி கொண்டுவந்து நிலைக்காலைத் துடைத்துவிட்டாள். "இங்கன ஒட்டுங்க டீச்சர். தெருவுல வரும்போதே தெரியணும்" என்றாள். நான் அப்போது டீச்சர் இல்லை, ஆனாலும் அவள் அப்படித்தான் கூப்பிடுவாள். ஒட்டினேன். நன்றாக அழுத்தித் தேய்த்தேன். அவளைப் பொறுத்தவரை அது தோற்றதற்கான முத்திரை இல்லை, உதவி வரும் வரிசையில் முதல் இடம். அந்த ஊரில் சார் சொன்னதைச் சொன்னபடியே நம்பியவள் அவள் ஒருத்திதான்.

ஒரு மாதம் கழித்துப் படம் எடுக்க வந்தார்கள். ஊரில் எத்தனையோ பச்சை வீடு இருக்க, சார் நேரே இந்த வீட்டுக்கு ஆளைக் கூட்டிக்கொண்டு வந்தார். பிள்ளையை வாசலில் நிறுத்தி, பொட்டும் படத்தில் விழ வேண்டும் என்று கொஞ்சம் தள்ளி நிறுத்தினார்கள். கேமராக்காரர், "பாப்பா, இங்க பாரு, பாப்பா" என்று தொண்டை கிழியக் கூப்பிட்டார். கிலுகிலுப்பையை ஆட்டினார். பிள்ளை அவர் பக்கம் திரும்பவே இல்லை. ஓரமாக நின்ற அம்மா மெதுவாக வாயசைத்து, சிரிக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். பிள்ளை அந்த வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. அந்த நொடியில் எடுத்த படம்தான் இது. கேமராவின் பின்பக்கம் எட்டிப் பார்த்த சார், "அடடா, அந்தக் கண்ணுல எவ்வளவு கனவு பாருங்க" என்றார். அது கனவு இல்லை, சார். கேட்காத பிள்ளை அம்மாவின் உதட்டைப் படித்துக்கொண்டிருக்கிறது. உங்கள் ஆய்வு முழுவதும் கண்டுபிடிக்க வேண்டியிருந்த ஒரே விஷயம் அந்தப் படத்தில் இருக்கிறது, அதையே அட்டையாகப் போட்டும் உங்களுக்குத் தெரியவில்லை. இதை எல்லாம் மனதுக்குள்தான் சொன்னேன். வெளியே, பிள்ளையின் அவிழ்ந்த ரிப்பனைக் கட்டப் போனேன். கட்ட வேண்டாம், இயல்பாக இருக்கட்டும் என்று தடுத்துவிட்டார்.

புத்தகம் வந்தது. சென்னையில் வெளியீட்டு விழா நடந்தது. டாக்டர் வரவில்லை, பயிற்சியாளர் வரவில்லை. நான் அந்த ஊர்ப்பக்கம் போகும்போதெல்லாம் அவள் தட்டை இறக்கி வைத்துவிட்டு வாசலுக்கு வருவாள். "எப்ப வாராவ டீச்சர்?" என்பாள். நான் சாரிடம் கேட்பேன். அடுத்த கட்டத்தில் பார்க்கலாம், நிதி வரட்டும், மேலே எழுதியிருக்கிறேன் என்பார். நான் அவளிடம் வந்து, "வருவாங்க" என்பேன். எத்தனை தடவை சொல்லியிருப்பேன் என்று தெரியாது. பாளையங்கோட்டைப் பெரிய ஆஸ்பத்திரி அங்கிருந்து ஒரு பஸ் தூரம். ஒரு நாள் லீவு போட்டு அந்தப் பிள்ளையை நானே கூட்டிக்கொண்டு போயிருக்கலாம். குறைந்தபட்சம், 'இவர்களை நம்பாதீர்கள், நீங்களே கூட்டிக்கொண்டு போங்கள்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். திட்டத்தை மீறித் தனியாக எதுவும் செய்யக் கூடாது என்று எங்களுக்கு உத்தரவு இருந்தது, ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கிற மாதம் வேறு. இதைக் காரணம் என்று எழுதவே எனக்கு அசிங்கமாக இருக்கிறது.

பொங்கல் வந்தது. ஊரெல்லாம் வெள்ளையடித்தார்கள். மற்ற வீடுகளில் பொட்டின்மேலேயே சுண்ணாம்பு ஏறிவிட்டது. யாருக்கு அது வேண்டும்? இவள் வீட்டில் மட்டும் நிலைக்காலுக்கு வெள்ளையடிக்கும்போது பொட்டைச் சுற்றி, மேலே ஒரு சொட்டுப் படாமல், விரலால் வழித்து வழித்து அடித்திருந்தாள். வெள்ளைக்கு நடுவில் அந்தச் சிவப்பு முன்னைவிடப் பளிச்சென்று இருந்தது. "ஏன் விட்டுட்டீங்க?" என்று கேட்டேன். "அவிய வந்தா வீடு தெரியாமத் திரும்பிப் போயிறக் கூடாதுல்லா" என்றாள். எனக்கு அங்கே நிற்க முடியவில்லை. தண்ணீர் கொடுத்தாள். குடித்துவிட்டு ஓடி வந்துவிட்டேன்.

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்தபோது மகளைச் சேர்க்கப் போனாள். அங்கிருந்த பெரிய வாத்தியார் கெட்டவர் இல்லை, தன் வகுப்பில் தொந்தரவு வேண்டாம் என்று நினைக்கிற சாதாரண மனிதர். "நீயே வீட்டுல சிவப்பு ஒட்டி வச்சிருக்க. தயாரில்லன்னு நீயே எழுதிக் கொடுத்திருக்க. நான் எப்படிம்மா சேர்க்க? இன்னொரு வருசம் பால்வாடியில இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டார். பொய் டிக் வாங்கிய பிள்ளைகள் எல்லாம் புதுப் பையோடு ஒன்றாம் வகுப்புக்குப் போனார்கள். உண்மை எழுதியவளின் பிள்ளை வாசலில் நின்றது. தெருப் பிள்ளைகள் அதற்குச் 'செவப்புப் பொட்டு' என்று பெயர் வைத்துக் கூப்பிட்டார்கள். கூப்பிட்டது அதற்குக் கேட்கவில்லை என்பது ஒன்றுதான் ஆறுதல். இப்படி ஒரு ஆறுதலை நினைத்துக்கொண்டேன் என்பதே எனக்கு இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

அந்த வருடக் கடைசியில்தான் எனக்கு அரசு வேலை கிடைத்தது. நிறுவனத்தை விட்டு வந்த சில வாரத்தில், பேருந்தில் அவளைப் பார்த்தேன். மடியில் பிள்ளை. பிள்ளையின் இரண்டு காதிலும் மெஷின். ஜன்னல் கம்பியைத் தட்டுவதும் அந்தச் சத்தத்தைக் கேட்டுச் சிரிப்பதுமாக இருந்தது. ஆள் வருவதற்குக் காத்திருந்து அலுத்துப்போய், சுற்றிய பீடியைக் கடையில் கொடுக்கப் போகாமல் ஒரு நாள் தானாகவே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறாள். நாலைந்து நடைதான். அவர்களே சோதித்து, அவர்களே மெஷின் கொடுத்து, வாராவாரம் பேச்சுப் பயிற்சிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். அங்கே இருந்த டாக்டரம்மா, ஏன் இவ்வளவு தாமதமாகக் கூட்டிக்கொண்டு வந்தாய் என்று திட்டினார்களாம். "ஆளு வரும்னு சொன்னாவ, அதான் இருந்தேன்னு சொன்னேன் டீச்சர். யாரு சொன்னான்னு கேட்டாவ. நான் சொல்லல" என்றாள். அப்புறம் பிள்ளையின் ரிப்பனை இழுத்துக் கட்டிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள்: "நம்பிக் கெடக்காமப் போயிருந்தா ஒரு வருசம் முந்தியே எம்பிள்ளைக்குக் கேட்டிருக்கும்." கோபமாகக்கூடச் சொல்லவில்லை. நான் இறங்க வேண்டிய நிறுத்தத்துக்கு முந்தின நிறுத்தத்திலேயே இறங்கிவிட்டேன்.

இத்தனையும் பழைய கதை என்று நினைத்திருந்தேன். போன மாதம் எங்களுக்கு ஒரு பயிற்சி முகாம். தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள் எல்லாரையும் வரச் சொல்லியிருந்தார்கள். மேடையில் பார்த்தால் டைரக்டர் சார். தலை நரைத்துவிட்டது, கதர்ச் சட்டையும் தழுதழுப்பும் அப்படியே இருந்தன. எல்லார் கையிலும் ஒரு துணிப்பை கொடுத்தார்கள். உள்ளே அதே புத்தகத்தின் புதிய பதிப்பு. அதே படம், அதே நிலைக்கால், அதே அவிழ்ந்த ரிப்பன். ஆனால் நிலைக்காலில் இருந்த பொட்டு பச்சையாக இருந்தது. கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தேன். பச்சைதான். கம்ப்யூட்டரில் மாற்றியிருக்கிறார்கள். மேடையில் சார் சொல்லிக்கொண்டிருந்தார்: "இந்தக் குழந்தை ஒரு காலத்துல சிவப்பு. இன்னைக்கு நல்லா பேசுது, நல்லா படிக்குது. சிவப்பைப் பச்சை ஆக்குனது எது? சமூக ஆய்வு." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

இந்தத் தடவை எழுந்தேன். எட்டொன்பது வருடம் தாமதம்தான், ஆனாலும் எழுந்தேன். "சார், அந்தப் பிள்ளைக்குக் காதுல மெஷின் இருக்கு. அதை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போய் வாங்கினது அவ அம்மா, ஒத்தையில. நாம யாருமே போகல. நானும் போகல" என்றேன். சார் என்னை அடையாளம் கண்டுகொண்டாரா என்று தெரியவில்லை. அவர் முகம் கொஞ்சமும் மாறவில்லை. பூரித்துப் போய்ச் சிரித்தார். "அருமை. இதைத்தான் நான் சொல்ல வந்தேன். நாம விழிப்புணர்வைக் கொடுத்தோம், சமூகம் தானா எழுந்து நடந்தது. டீச்சருக்கு ஒரு கைதட்டு." தட்டினார்கள். மண்டபம் முழுக்கத் தட்டினார்கள். அவர் பக்கத்தில் இருந்த ஒரு பெண் நான் சொன்னதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள். அடுத்த பதிப்பில் அதுவும் வரும். சேற்றில் கல் விட்டெறிந்தவள் மாதிரி நின்றேன். மதியச் சாப்பாட்டுக்கு இலை போட்டார்கள். நான் உட்காராமல் பஸ் ஏறிவிட்டேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. புத்தகத்தை எடுத்துக்கொண்டு அந்த ஊருக்குப் போனேன். அவள் முன்புபோலவே வாசலில் தட்டோடு உட்கார்ந்திருந்தாள். தலையில் கொஞ்சம் நரை. நிலைக்காலைப் பார்த்தேன். பொட்டு அங்கேதான் இருந்தது. ஒவ்வொரு பொங்கலுக்கும் சுற்றிச் சுற்றி அடித்த சுண்ணாம்பு கனத்து, பொட்டு ஒரு குழிக்குள் கிடந்தது. நிறம் வெளுத்துவிட்டது, ஆனாலும் சிவப்பு என்று தெரிந்தது. இன்னும் ஏன் அதை விட்டு வைத்திருக்கிறீர்கள் என்றேன். "மொதல்ல அவிய வருவாவன்னு விட்டேன். இப்ப, ஒட்டுனவிய வந்து எடுக்கட்டும்னு விட்டுருக்கேன்" என்றாள். ஒட்டியது நான்தான் என்று அவளுக்குத் தெரியும். நான் எழுந்துபோய் நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். ஓரம்கூடப் பெயரவில்லை. அவள் சிரித்துவிட்டாள். "விடுங்க டீச்சர், நகம் போயிரும். உக்காருங்க" என்றாள்.

உள்ளேயிருந்து மகள் வந்தாள். எட்டாம் வகுப்பு. வகுப்பில் அவளைவிடச் சிறியவர்களோடு உட்கார்ந்திருக்கிறாள், அந்த ஒரு வருடம் அவளோடு கூடவே வருகிறது. சில எழுத்துகள் இன்னும் நாக்கில் தடுக்கும், ஆனால் பேச்சுக்குக் குறைவில்லை. புத்தகத்தை வாங்கி அட்டையை வெகுநேரம் பார்த்தாள்.

"இது நானா?"

"நீதாம்மா."

"அம்மையத்தான பாத்துக்கிட்டு நிக்கேன்?" ஒரே பார்வையில் சொல்லிவிட்டாள். பிறகு விரலை அந்தப் பச்சை வட்டத்தில் வைத்தாள். தலையைத் தூக்கி நிலைக்காலைப் பார்த்தாள், மறுபடி புத்தகத்தைப் பார்த்தாள். "இது ஏன் பச்சையா இருக்கு?"

மேடையில் நடந்ததை அவள் முகத்துக்கு நேரே, வாய் தெரிகிற மாதிரி சொன்னேன். முழுக்கக் கேட்டாள். நெற்றியிலிருந்த ஸ்டிக்கர் பொட்டை உரித்தாள். அரக்குச் சிவப்பு. அதைப் பச்சை வட்டத்தின்மேல் வைத்து, கட்டை விரலால் அழுத்தினாள். ஒன்பது வருடத்துக்கு முன்னால் அந்த நிலைக்காலில் நான் அழுத்தினேனே, அதைவிடப் பலமாக அழுத்தினாள்.

"ஏட்டி, புது புஸ்தகத்தைக் கெடுக்காத" என்று அம்மா அதட்டினாள்.

மகள் காதிலிருந்த மெஷினைத் தொட்டு அணைத்துவிட்டு, கேட்காதவள்போல இன்னும் ஒரு தடவை நன்றாகத் தேய்த்தாள். பிறகு புத்தகத்தை மூடி என் கையில் கொடுத்தாள். அதுதான் என் மேசையில் இருக்கிறது. பார்த்துவிட்டுக் கேட்பவர்களிடம், யார் பொட்டு என்று இனிமேல் சொல்லிவிடுகிறேன்.